மே தினத்தில் காய்ந்த தளம்

மழைக்காலத்தில் கட்டட வேலை நிற்கும். ஐப்பசி, கார்த்திகையில் நாங்கள் பாதி கட்டிய வீடுகளுக்குள் உட்கார்ந்து ரம்மி ஆடுவோம். கதவு வைக்காத அறை. கீழே காலி சிமென்ட் சாக்கு. வெளியே மழை. அப்படித்தான் ஆட்டம் கற்றேன். கொத்து வேலையும் அதே ஆட்களிடம்தான் கற்றேன். வேலையில் மெதுவாகத்தான் முன்னுக்கு வந்தேன். ஆட்டத்தில் சீக்கிரம் தேறிவிட்டேன்.

காரணம் பெரிதாக ஒன்றுமில்லை. எனக்கு ஸ்கூட் விடத் தெரியும். ரம்மியில் கைக்கு வந்த சீட்டு சரியில்லை என்றால் முதலிலேயே கவிழ்த்து வைத்துவிடலாம். அதற்குப் பெயர் ஸ்கூட். இருபது பாயின்ட் ஏறும், அவ்வளவுதான். ஆடித்தான் பார்ப்போமே என்று உட்கார்ந்து, வேறொருவன் முந்திக்கொண்டால் எண்பது வரை ஏறும். இருநூற்றைத் தாண்டியவன் எழுந்து போக வேண்டும். எனக்குச் சீட்டு சேரவில்லை என்றால் நான் யோசிப்பதில்லை. கவிழ்த்துவிடுவேன். மற்றவர்கள் ஒவ்வொருவராக எழுந்து போவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன்.

இதற்காகக் கேலி செய்வார்கள்.

"இன்னாபா, சீட்ட பாக்கறதுக்கு முன்னாடியே கவுத்துடுவ போலகீதே."

"இவன் கல்யாணத்துல அய்யர் தாலிய நீட்டுனாராம். இவன் ஸ்கூட்டுன்னுட்டானாம். மாமனார்தான் கைய புடிச்சு கட்ட வச்சாராம்."

சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். உள்ளே கொஞ்சம் குத்தும். வெளியே காட்ட மாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் எனக்கு முதல் சொந்த வேலை கிடைத்தது. அதுவரை வேறொரு மேஸ்திரியிடம் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தேன். என் மனைவியும் அங்கேயே சித்தாள். சிட்லபாக்கத்தில் ஏரியைப் பார்த்த தெருவில் ஒரு மனை. அதை வாங்கியவர் சென்ட்ரலுக்குப் பக்கத்தில் ஏதோ ஆபீசில் வேலை பார்த்தார். குரோம்பேட்டையில் வாடகைக்கு இருந்தார். நான் அவரை சார் என்பேன். அவர் என்னை வாங்க போங்க என்றுதான் பேசுவார். எனக்கு அதற்கு முன் யாரும் அப்படிப் பேசியதில்லை.

சாயங்காலம் மின்சார ரயிலில் தாம்பரம் சானடோரியத்தில் இறங்கி, நேராக வேலை நடக்கும் இடத்துக்கு நடந்து வருவார். ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு மணலில் நிற்பார். அதிகம் கேட்க மாட்டார். ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வார்.

"மேஸ்திரி, கலர், டைல்ஸ் எல்லாம் பின்னாடி பாத்துக்கலாம். ரூஃப் மட்டும் ஸ்ட்ராங்கா போட்டுடுங்க. பையன் பெரியவனானா மேல ஒரு ஃப்ளோர் எடுக்கணும். இன்னொரு இடம் வாங்க என்னால முடியாது."

"போட்டுரலாம் சார்."

அவருக்கு அந்தத் தளம் எப்படியோ, எனக்கும் அப்படித்தான். அது நின்றால் நான் மேஸ்திரி. இல்லையென்றால் திரும்பவும் கூலி. என் மனைவியும் அதே கூலிக்கு அதே சட்டியைத் தூக்க வேண்டும்.

சித்திரை நடுவில் தளம் போட்டோம். நல்ல கம்பி, நல்ல ஜல்லி. கலவையில் நான் திருடவில்லை. அன்று சார் எல்லோருக்கும் சாப்பாடு போட்டார். எனக்கு வேட்டியும் துண்டும் கொடுத்தார். மறுநாள் தளத்தின் மேல் சிறு சிறு வரப்பு பிடித்து, பாத்தி பாத்தியாகத் தண்ணீர் கட்டினேன். வெயில் காலத்துக் காங்கிரீட் கைக்குழந்தை மாதிரி. முதல் வாரம் ஈரம் காய விடக்கூடாது. விட்டால் வெடிக்கும். இது சித்தாளுக்கும் தெரியும்.

கிணற்றில் அந்த மாதம் தண்ணீர் குறைவு. மோட்டார் கொஞ்ச நேரம் ஓடும். அப்புறம் ஊறும்வரை நிறுத்த வேண்டும். அக்கம்பக்கத்துக் கிணறுகள் வற்றிவிட்டன. ஆள் இல்லாத நேரம் பார்த்து யாராவது வந்து மோட்டாரைப் போட்டுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு போவார்கள். அதனால் எல்லா மேஸ்திரியும் செய்வதை நானும் செய்தேன். வேலை முடிந்து கிளம்பும்போது மெயின் போர்டிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொள்வேன். வெள்ளைப் பீங்கான் கட்டை. அது இல்லாமல் மோட்டார் ஓடாது.

தளம் போட்ட மூன்றாம் நாள் மே தினம். ஆட்களுக்கு லீவு. பீர்க்கன்கரணையில் ரம்மி போட்டி வைத்திருந்தார்கள். நெல் போட்ட நிலத்தை மனை போட்டு விற்ற ஒருவர் நடத்தினார். ஏரி ஓரத்துத் தென்னந்தோப்பில் சாமியானா, வாடகை நாற்காலி, மைக் செட். முதல் பரிசு புது சைக்கிள். கைப்பிடியில் மாலை போட்டு நடுவில் நிறுத்தியிருந்தார்கள். போன வருஷம் நான் கடைசி மேஜைவரை போய் இரண்டாவதாக வந்தேன். இந்த வருஷம் விடக்கூடாது என்று நினைத்தேன்.

விடியற்காலையில் நானும் மனைவியும் சிட்லபாக்கம் போனோம். மோட்டாரைப் போட்டுப் பாத்திகளை நிரப்பினேன். அவள் அங்கேயே இருந்து தண்ணீர் பார்த்துக்கொள்வது என்று பேச்சு.

"மத்தியானம் வந்துடுவல்ல?" என்றாள்.

"ஜெயிச்சாலும் தோத்தாலும் மத்தியானம் வந்துடுவேன்."

சொல்லிக்கொண்டே ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கிப் பையில் போட்டேன். அவள் இருக்கப்போகிறாள் என்று தெரியும். பிடுங்க வேண்டியதில்லை. ஆனால் கிளம்பும்போது பிடுங்கிப் பழகிய கை, தானாகப் பிடுங்கிவிட்டது. அவளும் கவனிக்கவில்லை. நான் சைக்கிளை மிதித்தேன்.

முதல் மேஜையில் ஆறு பேர். ஆரம்பம் நன்றாகவே போனது. மூன்று முறை ஸ்கூட் விட்டேன். இரண்டு ஆட்டம் ஜெயித்தேன். போட்டி நடத்துகிறவர் ஒவ்வொரு மேஜையாகச் சுற்றி வந்தார். கழுத்தில் சங்கிலி, கையில் மைக். என் பின்னால் வந்து நின்றார்.

அப்போது எனக்கு வந்த கை கெட்ட கை. ஆட்டினில் ஏழும் ஒன்பதும் இருந்தன. நடுவில் எட்டு இல்லை. மற்றதெல்லாம் ராஜா, ராணி, ஒன்றோடொன்று ஒட்டாத சீட்டு. யோசிக்க ஒன்றுமில்லை. கவிழ்க்கக் கையைத் தாழ்த்தினேன்.

"தோ, கவுக்கறாரு பாரு" என்று மைக்கிலேயே சொன்னார். "மேஸ்திரி வூட்டுல கொழம்பு கொஞ்சம் உப்பா இருந்தா சோத்தையே ஸ்கூட் வுட்ருவாரு."

தோப்பு முழுக்கச் சிரித்தது. அடுத்த மேஜைக்காரன் திரும்பிப் பார்த்தான். என் கை நின்றுவிட்டது. சீட்டை நிமிர்த்திப் பிடித்தேன். கட்டிலிருந்து ஒரு சீட்டு எடுத்தேன்.

"ஆடறாருபா" என்றார் ஒருவர். அதைக் கேட்க எனக்கு நன்றாக இருந்தது. அதையும் எழுத வேண்டும்.

எட்டு வரவில்லை. நடுவில் இறங்கினாலும் நாற்பதோடு போயிருக்கும். இறங்கவில்லை. நாலு சுற்றில் எதிரில் இருந்தவர் ஆட்டத்தை முடித்தார். எனக்கு எண்பது. அடுத்த கையும் கெட்ட கை. இப்போது யாரும் பின்னால் நின்று கேலி செய்யவில்லை. போன எண்பதைப் பிடிக்க வேண்டும் என்று நானாகவே உட்கார்ந்தேன். மறுபடி எண்பது. வெயில் உச்சிக்கு வருவதற்குள் நான் வெளியே.

எழுந்து என் சைக்கிளிடம் போனேன். அங்கே ஒரு விதி வைத்திருந்தார்கள். முதல் சுற்றில் தோற்றவன் மறுபடி பணம் கட்டி இன்னொரு மேஜையில் உட்காரலாம். ஒரு தடவைதான்.

"இன்னா மேஸ்திரி, கெளம்பிட்ட? ரீ-என்ட்ரி கீது. வூட்டுல திட்டுவாங்களா?"

பணம் எடுக்கப் பைக்குள் கை விட்டேன். விரலில் பீங்கான் தட்டுப்பட்டது.

எனக்கு அந்த இடத்திலேயே எல்லாம் தெரிந்துவிட்டது. காலையில் நிரப்பிய தண்ணீர் இந்நேரம் வற்றத் தொடங்கியிருக்கும். மோட்டார் ஓடாது. அவள் எனக்காகப் பார்த்துக்கொண்டிருப்பாள். இதெல்லாம் மறந்துபோய் நடந்தது என்று பின்னால் பலமுறை எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். மறக்கவில்லை. கட்டையைத் தள்ளிவிட்டு அதற்கடியில் இருந்த பணத்தை எடுத்தேன்.

ஒரு மேஜைதான், முடித்துவிட்டுப் போய்விடலாம் என்று நினைத்தேன். அந்த மேஜையில் ஜெயித்தேன். ஜெயித்தது இன்னும் மோசம். அடுத்த சுற்றுக்குக் கூப்பிட்டார்கள். அதற்கு அடுத்த சுற்றில்தான் தோற்றேன். அதற்குள் தென்னை நிழல் ஏரிப் பக்கம் நீண்டுவிட்டது. ஒரு கை கூட நான் கவிழ்க்கவில்லை. போட்டி நடத்துகிறவர் தோளில் தட்டினார்.

"இன்னிக்குதான் மேஸ்திரி நீ ஆட்டம் ஆடுன."

பாராட்டு. வாங்கிக்கொண்டு கிளம்பினேன்.

சைக்கிளில் போகும்போது தார் ரோடு இன்னும் சூடாக இருந்தது. தெருவுக்குள் நுழைந்ததும் மேலே அவள் தெரிந்தாள். சாரத்தோடு சாய்த்திருந்த மூங்கில் ஏணியில் இறங்கிக்கொண்டிருந்தாள். கையில் குடம். கிணற்றில் வாளி விட்டு இறைத்து, குடத்தில் ஊற்றி, ஏணியில் ஏறி, தளத்தில் கொட்டிவிட்டு இறங்கியிருக்கிறாள். மத்தியானத்திலிருந்து அதுதான் வேலை. பக்கத்தில் ஒரு வீட்டில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். அவர்களுக்கே குடிக்கத் தண்ணீர் இல்லை என்றிருக்கிறார்கள். தளத்தை விட்டுவிட்டு என்னைத் தேடி வரவும் முடியாது.

"ஃபீஸ் கட்ட எங்க?"

பையிலிருந்து எடுத்தேன். பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன்.

"யாரோ திருடிகினு பூட்டானுங்கன்னு நெனச்சேன்" என்றாள். அவ்வளவுதான். உள்ளங்கையைப் புடவையில் துடைத்தாள். கயிறு அறுத்துத் தோல் உரிந்திருந்தது.

மேலே ஏறினேன். ஏணிப் பக்கம் ஒரு பாதி ஈரமாக இருந்தது. மறுபாதி வெள்ளையாக, எலும்பு மாதிரி இருந்தது.

"அந்தாண்ட எனக்கு எட்டல" என்றாள் கீழே இருந்து. "இந்தாண்ட ஊத்திட்டு வர்றதுக்குள்ள இதுவே காஞ்சுது."

மோட்டாரைப் போட்டேன். தண்ணீர் பட்டதும் தளம் சீறியது. குனிந்து பார்த்தேன். வெள்ளைப் பாதி முழுக்கக் கோடு. முடி மாதிரி கோடுகள், நடுவில் நாலைந்து இடத்தில் ஆணி நுழையும் அளவுக்கு. மறுநாள் வெளிச்சத்தில் இன்னும் நன்றாகத் தெரிந்தது.

அவளும் ஏறி வந்து பார்த்தாள்.

"சார்கிட்ட சொல்லிடுயா. இந்தப் பாதிய ஒடச்சுட்டு வேற போட்டுடலாம்."

"யார் செலவுல? நம்ப செலவுலயா? தெருவெல்லாம் சிரிக்கும். என் பேரு இன்னாவறது?"

"இன்னும் வராத பேருக்கு இன்னாயா பயம்?"

ஒரு சிமென்ட் மூட்டையைப் பிரித்தேன். சிமென்ட் பால் கலக்கச் சொன்னேன். அவள் கலக்கவில்லை. கீழே இறங்கிப் போய்விட்டாள். நானே கலக்கினேன். கோடுகள் மேல் ஊற்றி, துடைப்பத்தால் தேய்த்து, மட்டப்பலகை போட்டு இழைத்தேன். காய்ந்த பிறகு ஒன்றும் தெரியவில்லை. வரப்பு கட்டி மறுபடி தண்ணீர் நிறுத்தினேன்.

அன்று சாயங்காலம் சார் வந்தார். ஏணியில் பயந்து பயந்து ஏறி, தண்ணீருக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தார்.

"இந்தப் பக்கம் எக்ஸ்ட்ரா ஸ்மூத்தா இருக்கே மேஸ்திரி. ஏதாவது பூசினீங்களா?"

"வெயிலுக்கு சார்."

"வெரி குட்" என்றார்.

ஆவணியில் அவர்கள் குடிவந்தார்கள். ஐப்பசி மழையில் கூடத்து ஓரம் ஒழுகியது. சார் ஆள் அனுப்பினார். போனேன். அவர் மனைவி நாலு பாத்திரங்களைக் கூடத்தில் வைத்திருந்தார். பையன் கட்டிலைச் சுவரிலிருந்து நகர்த்திப் போட்டிருந்தார்கள். அவனுக்கு அப்போது பள்ளிக்கூட வயது. சொட்டு விழுவதை எண்ணிக்கொண்டிருந்தான்.

அன்று சொல்லியிருக்கலாம். வாய்வரை வந்தது.

"புது வீட்டுல இதெல்லாம் சகஜம் சார். மேல சுண்ணாம்பு ஜல்லி போட்டு தட்டோடு பதிச்சுட்டா நின்னுடும். நானே செஞ்சு தரேன். கூலி வேணாம்" என்றேன்.

மழை விட்டதும் நானும் அவளும் தளத்தின் மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கட்டையால் அடித்து இறுக்கி, மேலே தட்டோடு பதித்தோம். ஒழுகல் நின்றது. உண்மையில் நிற்கவில்லை. கீழே சொட்டுவது நின்றது. தண்ணீர் உள்ளே போவது போய்க்கொண்டுதான் இருந்தது. எங்கே போகிறது என்று எனக்குத் தெரியும். கம்பிக்குப் போகிறது.

கூலி வாங்காமல் வந்து சரி செய்தேன் அல்லவா, சார் அதை ஊர் முழுக்கச் சொன்னார். ஆபீசில் சொன்னார், ரயிலில் சொன்னார். "இந்தக் காலத்துல இப்படி ஒரு ஆனஸ்ட் மேஸ்திரியா" என்று அவர் சொன்னதை என் எதிரிலேயே கேட்டிருக்கிறேன். அந்தத் தெருவில் இரண்டு வீடு கிடைத்தது. பொழிச்சலூரில் ஒன்று. அப்புறம் வருஷத்துக்கு வருஷம் வேலை. என்னிடம் ஆட்கள் கூலிக்கு வந்தார்கள். அவள் சட்டி தூக்குவதை நிறுத்தினாள். ஓட்டுக்கூரையிலிருந்து கல் வீட்டுக்கு வாடகைக்கு மாறினோம். எல்லாம் அந்த ஒரு பொய்யின் மேல் எழும்பியது.

நான் எதையும் கற்கவில்லை என்று சொல்ல முடியாது. அதற்குப் பிறகு எந்தத் தளத்தையும் ஈரம் காய விட்டதில்லை. ஃபியூஸ் கட்டையைப் பிடுங்குவதை விட்டேன். தண்ணீர் திருடுகிறவன் திருடட்டும் என்று விட்டேன். மழைக்காலத்தில் ரம்மி ஆடுவதை நிறுத்தவில்லை. சீட்டின் மேல் எனக்குக் கோபமில்லை. கெட்ட கையை மறுபடியும் கவிழ்க்க ஆரம்பித்தேன். சிரித்தார்கள். சிரிக்க விட்டேன். ஆனால் இதெல்லாம் சில்லறை. பெரிய கை ஒன்றை நான் இன்னும் கவிழ்க்காமல் கையிலேயே வைத்திருந்தேன். சாரின் தெரு வழியாகப் போக வேண்டியிருந்தால் ஏரிக்கரையைச் சுற்றிப் போனேன்.

தொண்ணூறுகளின் பின்பாதியில் அந்தத் தெருவில் ஒவ்வொரு வீடாக மாடி எழும்பியது. சார் ரிடையர் ஆனார். ஒருநாள் என் வீடு தேடி வந்தார்.

"பையனுக்குக் கல்யாணம் பேசியாச்சு மேஸ்திரி. பிஎஃப் பணம் வந்திருக்கு. மேல ஒரு ஃப்ளோர் எடுத்துடலாம். வேற யாரையும் நான் கேக்கல. ரூஃப் போட்டது நீங்க. அதோட ஸ்ட்ரென்த் உங்களுக்குத்தான் தெரியும்."

"வந்து பாக்கறேன் சார்."

அவர் போன பிறகு அவளிடம் சொன்னேன். அரிசி பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

"நீ இன்னா சொல்ற?"

"நான் சொல்ல வேண்டியத அன்னிக்கே சொல்லிட்டேன். எத்தினி வாட்டி சொல்வாங்க?"

மறுநாள் சுத்தியும் உளியும் எடுத்துக்கொண்டு போனேன். கூடத்து ஓரம், முன்பு ஒழுகிய இடம், உள்பக்கம் லேசாக உப்பியிருந்தது. மேலே நன்றாகப் பெயின்ட் அடித்திருந்தார்கள். பழுப்பாக ஒரு கோடு மட்டும் தெரிந்தது. ஸ்டூல் போட்டு ஏறி உளியை வைத்தேன். பலமாக அடிக்கவில்லை. பூச்சு தட்டு தட்டாக விழுந்தது. அதன் பின்னால் காங்கிரீட்டும் விழுந்தது. கம்பி தெரிந்தது. துருப்பிடித்து ஊதி, செதில் செதிலாக இருந்தது. விரலால் தேய்த்தேன். உதிர்ந்தது.

சார் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். பையன் வாசற்படியில் நின்றான். மீசை வைத்திருந்தான்.

"என்ன மேஸ்திரி இது?"

ஸ்டூலிலிருந்து இறங்கினேன். நின்றுகொண்டு சொன்னேன்.

"மாடி வேணாம் சார். இந்தத் தளம்தான் மேல் வூட்டுக்குத் தரை. தாங்காது. தளம் போட்ட மூணாம் நாள் தண்ணி கட்டாம காய விட்டுட்டேன். வெடிச்சுது. பால் ஊத்தி மறச்சேன். ஒழுகுனப்பவும் மறச்சேன்."

"காய விட்டீங்களா? ஏன், உடம்பு கிடம்பு சரியில்லையா?"

அவரே எனக்கு ஒரு வழி எடுத்துக் கொடுத்தார். பிடித்துக்கொண்டிருக்கலாம்.

"இல்ல சார். ரம்மி போட்டிக்குப் போயிருந்தேன்."

"சீட்டாட்டம்."

"ஆமா சார்."

பையன் உள்ளே வந்தான். "அப்பா, இந்த ஆளத்தான் ஆனஸ்ட் ஆனஸ்ட்னு ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தீங்க. போலீஸ்ல கம்ப்ளெய்ன்ட் குடுங்க."

"கொடுத்து?" என்றார் சார். அவர் குரல் உயரவில்லை. "போலீஸ் வந்து மாடி கட்டிக் கொடுக்குமா?"

பிறகு என்னைப் பார்த்தார்.

"அன்னிக்கே சொல்லியிருந்தா என்ன பண்ணியிருப்பேன், கோபப்பட்டிருப்பேன். ரெண்டு நாள் கத்தியிருப்பேன். பாதியை உடைச்சுட்டு வேற போட்டிருக்கலாம். அப்ப எனக்கு சர்வீஸ் இருந்தது. லோன் கேட்டா கொடுப்பான். இப்ப யார் கொடுப்பா?"

"நான் ஒடச்சு வேற போட்டுத் தரேன் சார். கூலி..."

"கூலி வேணாம்னு சொல்லாதீங்க" என்றார். "அந்த வார்த்தையை மறுபடி சொல்லாதீங்க."

கீழே கிடந்த உளியை எடுத்தேன்.

"அந்த ஓட்டையை அடைச்சுட்டுப் போங்க" என்றார்.

கம்பியைத் தேய்த்துத் துருவை எடுத்தேன். சிமென்ட் வைத்து அடைத்தேன். யாரும் அந்த அறைக்குள் வரவில்லை. விழுந்த காங்கிரீட்டைக் கூட்டி அள்ளினேன். கிளம்பும்போது சார் முன் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். வரேன் சார் என்றேன். தலையை ஆட்டினாரா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை.

சார் தெருவில் சொல்லிவிட்டார். சொல்லத்தான் வேண்டும். அவர் வாயால் வந்த பெயர், அவர் வாயால் போனது. நான் கட்டிக் கொடுத்தவர்கள் ஒவ்வொருவரும் தங்கள் கூரையைத் தட்டிப் பார்த்தார்கள். மற்ற கூரைகள் நல்ல கூரைகள். ஆனால் அதை நான் சொல்லி யார் நம்புவார்கள். பாதியில் இருந்த இரண்டு வேலைகளை வேறு மேஸ்திரிகள் எடுத்துக்கொண்டார்கள். என்னிடம் இருந்த ஆட்கள் அவர்களோடு போனார்கள். ஒருவர் மட்டும் வந்து சொல்லிவிட்டுப் போனார்.

"நீ இன்னாத்துக்கு அண்ணா வாயத் தொறந்த? நாலு தூண எக்ஸ்ட்ராவா கொடுத்து ஏத்தியிருக்கலாம். எவன் பாக்கப் போறான்."

அந்தப் பேச்சு எனக்குத் தெரியும். நானே எனக்குப் பலமுறை சொல்லிக்கொண்ட பேச்சு அது.

சாரின் பையன் கல்யாணம் ஆனதும் தனியாக வாடகைக்குப் போய்விட்டான் என்று கேள்விப்பட்டேன். அந்தத் தெருவில் அந்த ஒரு வீடுதான் மாடி இல்லாமல் நின்றது. இரண்டு பக்கமும் மாடி எழும்பி, அதன் மேல் வெயில்கூடச் சரியாக விழவில்லை.

சொன்னதால் மனசு லேசானது என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படி ஒன்றும் ஆகவில்லை. முதல் நாளே சொல்லியிருந்தால் அரைத் தளத்தோடு போயிருக்கும். இப்போது சாருக்கு மாடி போனது, எனக்குத் தொழில் போனது. தோற்பதில் தப்பில்லை. எவ்வளவில் எழுந்திருக்கிறோம் என்பதுதான் கணக்கு. நான் எழுந்திருக்கப் பன்னிரண்டு வருஷம் ஆனது. வேறு விதமாகச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

கல் வீட்டை விட்டுப் பழைய பக்கமே வந்தோம். ஒரு காலையில் நானும் அவளும் தாம்பரத்தில் கூலிக்கு ஆள் நிற்கும் இடத்துக்குப் போனோம். ரோட்டோரம் டீக்கடை பக்கத்தில் நிற்பார்கள். ஆண்கள் கையில் கரண்டி, மட்டப்பலகை. பெண்கள் கையில் சாப்பாட்டுத் தூக்கு. நான் நின்று ரொம்ப வருஷம் ஆகியிருந்தது. தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் வேறு பக்கம் பார்த்தார்கள். அவர்களுக்கு அது சங்கடம்.

ஒரு மினி லாரி வந்து நின்றது. மேஸ்திரி இறங்கினார். வயசு கம்மி. யாரையும் தெரியாத ஆள், வேறு ஊர்ப் பேச்சு.

"ரூஃப் வேலை. சித்தாள் நாலு பேர் வேணும்" என்றார்.

அவர் கண் அவள் மேல் நின்றது. "நீங்க வாங்கக்கா."

"இவரும் கீறாரு" என்றாள். "கொத்து வேல நல்லா தெரியும்."

அவர் என் தலைமுடியைப் பார்த்தார். "கொத்துக்குப் பெரியாளு இருக்காங்க. சித்தாள்தான் வேணும்."

அவள் என்னைப் பார்த்தாள். சட்டி தூக்கிப் பல வருஷம் ஆகிவிட்டது அவளுக்கு. முழங்கால் வலி வேறு.

"ஏறு" என்றேன்.

தூக்கை என்னிடம் கொடுத்துவிட்டு, லாரியின் பின்கதவைப் பிடித்து ஏறினாள். ஏறி உட்கார்ந்த பிறகு தூக்கை நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். லாரி கிளம்பியது. நான் வெயில் ஏறும்வரை அங்கேயே நின்றேன். அன்று யாரும் என்னைக் கூப்பிடவில்லை.